புதுப் போன் எடுக்கவோ, இருக்கிறதையே இழுக்கவோ – என்னட்ட நெடுக வாற கேள்விகள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில வீட்டு விறாந்தையில ஒரு மேசை, ஒரு லைட், சூட்டுக் காத்து அடிக்கிற ஒரு ஹீட் கன், இதுதான் என்ர போன் திருத்துற கடை. முந்தி கஸ்தூரியார் வீதியில ஒரு கடையில நிண்டு திருத்தினனான், இப்ப வீட்டோட. திருத்துற நேரத்தை விட "வாங்கட்டோ, வேண்டாமோ" எண்டு கேக்கிற ஆக்களோட கதைக்கிற நேரம்தான் கூட. செப்டம்பரில ஐபோன் வரும், வருசம் பிறக்க சாம்சங் வரும், நடுவில நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் கையில ஒண்டு பொக்கற்றில ஒண்டு எண்டு வந்திறங்கும், ஆனபடியா கேள்வி ஓயாது. அதுதான் ஒருக்கா எழுதி வைப்பம் எண்டு இருந்திட்டன்.

கே: அண்ணை, இந்தமுறை டிசைன் முழுசா மாறிப்போச்சாம், இனி மாத்தத்தானே வேணும்?

ப: ஐபோன் 17 புரோவைத்தான் கேக்கிறியள் எண்டு விளங்குது. 2025 செப்டம்பரில வந்தது, பின்பக்கத்தில கமரா இருக்கிற இடத்தை இந்தக் கரையில இருந்து அந்தக் கரை மட்டும் திண்ணை கட்டின மாதிரி உயர்த்தி வைச்சிருக்கிறாங்கள், செம்மஞ்சள் நிறமும் இருக்கு. வாற ஆக்கள் திண்ணையையும் நிறத்தையும்தான் பாக்கினம், எனக்கெண்டால் பெரிய மாற்றம் வேற. 2023 ல 15 புரோவுக்கு டைட்டேனியம் டைட்டேனியம் எண்டு தலையில தூக்கி வைச்சு ஆடினவங்கள், ரெண்டே வருசத்தில அதைக் கழட்டிப்போட்டு அலுமினியத்துக்கு வந்திட்டாங்கள். ஏனெண்டா டைட்டேனியம் சூட்டைக் கெதியாக் கடத்தாது, அலுமினியம் கடத்தும். அதோட உள்ளுக்க மெல்லிய தட்டு மாதிரி ஒரு மூடின அறை, அதுக்குள்ள துளித் தண்ணி, சிப் சுட அது ஆவியாகி அங்கால போய்க் குளிர்ந்து திரும்ப வரும். அடுப்பில சட்டி மூடியில தண்ணி பிடிக்கிற மாதிரித்தான்.

இது எங்கட ஊருக்குத் தேவையோ எண்டால், சிலபேருக்குத் தேவை. சித்திரை வைகாசி வெயிலில மோட்டச்சைக்கிள் ஹாண்டிலில போனை மாட்டி, வழி காட்டுற மப் போட்டுக்கொண்டு போனீங்கள் எண்டால் பத்து நிமிசத்தில ஸ்கிரீன் தானா மங்கும், போன் தன்னைக் காப்பாத்திற வேலை அது, பழுதில்லை. கலியாண வீட்டில மணித்தியாலக்கணக்கா வீடியோ எடுக்கிற பெடியளுக்கும் அந்தத் தண்ணி அறை பிரயோசனம். வாட்ஸப்பில அக்காவோட கதைச்சு, ரெண்டு ரீல்ஸ் பாத்து, கோயில் படம் எடுக்கிற ஆளுக்கு அது திண்ணை மட்டும்தான்.

கே: ஏன் சும்மா சும்மா வடிவத்தை மாத்திறாங்கள்?

ப: சட்டைக் கை கட்டையாகிறதும் நீளமாகிறதும் மாதிரி. 2010 இல ஐபோன் 4 கரை தட்டை, 2014 இல 6 வந்து கரை உருண்டை, 2020 இல 12 வந்து திரும்பத் தட்டை. அண்டைக்குத் "தட்டை கையில வெட்டுது" எண்டு சொன்ன அதே ஆக்கள் 12 வரேக்க "ஆகா பழைய வடிவு வந்திட்டுது" எண்டினம். நான் ரெண்டையும் கேட்டுக்கொண்டு ஸ்குரூ கழட்டிக்கொண்டு இருந்தனான்.

ஆனா எல்லாம் பசனில்லை. கமரா முட்டிக்கொண்டு நிக்கிறதுக்குக் காரணம் இருக்கு, வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சர் பெரிசாக அதுக்கும் லென்ஸுக்கும் நடுவில தூரம் கூட வேணும், போன் அவ்வளவு தடிப்பில்லை, அதால வெளியில தள்ளும். ஐபோனில 6 இலதான் அது முதல் முட்டினது, இப்ப மேசையில வைச்சு ரைப் பண்ணினா கட்டில் கால் ஆடுற மாதிரி ஆடும். 2021 இல கூகிள் பிக்சல் 6 க்குக் குறுக்கால பட்டி மாதிரிப் போட்டாங்கள், அது ஆடாது, உண்மையா நல்ல யோசினை.

கே: ஹெட்போன் ஓட்டை இல்லாத போன் வாங்கலாமோ? அம்மம்மா றேடியோ கேக்கிறவ.

ப: இந்தக் கேள்விக்கு எனக்குச் சரியான விருப்பம், ஏனெண்டா ஆரும் கேக்கிறேல்லை. 2016 இல ஐபோன் 7 இல ஓட்டையை எடுத்தாங்கள், மேடையில நிண்டு அதுக்குத் துணிச்சல் எண்டு பேர் வைச்சாங்கள், சாம்சங் விளம்பரம் போட்டுப் பகிடி பண்ணினது, பிறகு 2019 இல நோட் 10 இல தானும் எடுத்துப்போட்டுப் பேசாமல் இருந்திட்டுது. பாட்டுக் கேக்கிறதுக்கு புளூடூத் இருக்கு, சரி. ஆனா எஃப்எம் றேடியோவுக்கு ஹெட்போன் வயர்தான் அன்டனா, வயர் குத்தாட்டி ஸ்டேசன் பிடிக்காது. ஓட்டை போனதோட கன போனில றேடியோவும் போச்சு.

தொண்ணூறுகளில கரண்டே இல்லாமல் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட ஊர் இது. அம்மம்மாவுக்கு 3.5 மில்லிமீற்றர் ஓட்டை இருக்கிற விலை குறைஞ்ச அன்ட்ரோயிட் ஒண்டு எடுத்துக் குடுங்கோ, வாங்க முதல் எஃப்எம் அப் உள்ளுக்க இருக்கோ எண்டு திறந்து பாருங்கோ, ஓட்டை இருந்தாலும் சிலதில றேடியோ இராது. அதை விட்டிட்டு மகன் பாவிச்ச பழைய ஐபோனைக் குடுக்காதேங்கோ, ஐபோனில எந்தக் காலத்திலயும் எஃப்எம் றேடியோ இருந்ததில்லை.

கே: பெட்டிக்குள்ள சார்ஜர் இல்லையே, ஏமாத்திப்போட்டாங்களோ?

ப: இல்லை. 2020 இல ஐபோன் 12 ஓட ஆப்பிள் எடுத்தது, அடுத்த வருசம் எஸ்21 ஓட சாம்சங்கும் எடுத்தது. சூழலுக்கு நல்லதாம். காசும் மிச்சம்தானே அவங்களுக்கு.

கே: ஐபோன் 15 இல இருந்து டைப் சி எண்டினம், அதுக்காக மாத்தலாமோ?

ப: இதுதான் கன வருசத்தில வந்த டிசைன் மாற்றத்துக்குள்ள சாமானியனுக்கு உதவினது. ஆப்பிள் தானா விரும்பிச் செய்யேல்லை, ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 க்குப் பிறகு விக்கிற போனுக்கெல்லாம் டைப் சி இருக்கோணும் எண்டு சட்டம் போட்டது, 2012 இல இருந்து வைச்சிருந்த லைட்னிங் எண்ட தங்கட சொந்தச் சார்ஜ் ஓட்டையை 2023 இல விட்டாங்கள். இப்ப வீட்டில ஒரு வயர் காணும். ஆனா 14 நல்லா ஓடுதெண்டால் வயருக்காகப் போன் மாத்திறது, செருப்பு வாருக்காகக் காலை மாத்திற மாதிரி. மற்றது ஒரு விசயம், சாதா 15, 16 இல வடிவம் மட்டும்தான் டைப் சி, வேகம் பழைய யூஎஸ்பி 2 தான், செக்கனுக்கு 480 மெகாபிட். புரோவில 10 கிகாபிட். வீடியோவை லப்டொப்புக்கு மாத்திற ஆக்கள் இதைப் பாருங்கோ, மற்ற ஆக்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

கே: கனடாவில இருந்து சித்தப்பா கொண்டு வாறார், என்ன பாத்து வாங்கச் சொல்ல?

ப: இதை மட்டும் வடிவா வாசியுங்கோ, இஞ்சதான் கூடச் சனம் மாட்டுப்படுகுது.

முதலாவது சிம் ஓட்டை. அமெரிக்காவில விக்கிற ஐபோனில 14 இல இருந்தே, அதாவது 2022 இல இருந்து, சிம் போடுற தட்டு இல்லை, ஈசிம் மட்டும்தான், அதாவது போனுக்குள்ளயே பதிஞ்சிருக்கிற சிம். 17 ஓட கனடா, ஜப்பான், மெக்சிகோ, சவூதி, கட்டார், டுபாய்ப் பக்கமும் அப்பிடி ஆகிட்டுது. ஐபோன் எயார் எங்க வாங்கினாலும் தட்டு இல்லை. லண்டன், பிரான்ஸ், சுவிஸில இருந்து வாற 17 க்குத் தட்டு இருக்கு. அதால "ஐபோன் 17 வேணும்" எண்டு மட்டும் சொல்லாமல், எந்த நாட்டுச் சாமான் எண்டு கேளுங்கோ.

ஈசிம் இஞ்ச வேலை செய்யும், டயலொக்கும் மொபிட்டலும் தருகினம். கரைச்சல் என்னெண்டா போன் செத்த நாளில. என்ர அனுபவம் சொல்லுறன், ஈசிம்மில என்ர நம்பர், ஒருநாள் போன் முத்தத்துச் சீமெந்தில விழுந்து ஸ்கிரீன் கறுப்பு, ரச் இல்லை. பாங்கில இருந்து ஓடிபி வரோணும், முந்தியெண்டால் சிம்மைக் கழட்டி மேசை லாச்சியில கிடக்கிற பட்டன் போனுக்குள்ள போட்டிருப்பன். இப்ப ஈசிம் மாத்த சேவை நிலையத்துக்குப் போனால் முதல் நாள் சிஸ்டம் வேலை செய்யேல்லை, ரெண்டாம் நாள் அடையாள அட்டை கொப்பி இல்லை எண்டு திருப்பி விட்டினம், மூண்டாம் நாள்தான் நம்பர் உயிர் வந்தது. போன் திருத்திறவனே மூண்டு நாள் போனில்லாமல் இருந்தவன். ஆனபடியா பாங்க் நம்பரைப் பிளாஸ்டிக் சிம்மில வைச்சிருங்கோ.

ரெண்டாவது லொக், ஒரு கொம்பனியின்ர சிம் மட்டும்தான் வேலை செய்யிற மாதிரிப் பூட்டி வைக்கிறது. கனடாவில 2017 டிசம்பரில இருந்தும், பிரித்தானியாவில 2021 டிசம்பரில இருந்தும் போனை லொக் பண்ணி விக்கேலாது, அது நிம்மதி. அமெரிக்காவில கொம்பனியோட மாசக் கட்டுக்காசில எடுத்ததெண்டால் லொக் இருக்கும், கட்டி முடிச்சு லொக் எடுத்துத்தான் கொண்டு வரோணும், "அங்க போய் ஒரு பெடியனிட்ட உடைக்கலாம்" எண்டு ஆரும் சொன்னால் அந்தப் பெடியன் நானில்லை.

மூண்டாவது ஐஎம்இஐ, ஒவ்வொரு போனுக்கும் இருக்கிற அடையாள இலக்கம். *#06# அடிச்சால் 15 இலக்கம் வரும். ஐஎம்இஐ எண்டு இங்கிலிஷில அடிச்சு, ஒரு இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தையும் 1909 க்கு மெசேஜ் அனுப்பினா தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில பதிஞ்ச போனோ எண்டு பதில் வரும். கடையில வாங்கினாலும், செகண்ட் ஹாண்ட் எடுத்தாலும், காசைக் குடுக்க முதல் இதைச் செய்யுங்கோ, குடுத்தாப்பிறகு இல்லை. வெளிநாட்டில இருந்து சொந்தப் பாவனைக்குக் கொண்டு வாறதுக்குத் தனி நடைமுறை, சித்தப்பா பிளேன் ஏற முதல் ஆணைக்குழுவின்ர இணையத்தளத்தை ஒருக்காப் பாருங்கோ.

பிறகு ஒரு சின்ன விசயம், ஜப்பான் ஐபோன் சிலதில படம் எடுக்கேக்க வாற கிளிக் சத்தத்தை நிப்பாட்டேலாது. சாமத்தியவீட்டில பறவாயில்லை, செத்தவீட்டில அந்தரமா இருக்கும்.

கே: பற்றரி ஹெல்த் 78 வீதம் காட்டுது, போன் முடிஞ்சுதோ?

ப: பற்றரிதான் முடிஞ்சுது, போன் இல்லை. லிதியம் பற்றரி வாழைப்பழம் மாதிரி, வைச்சிருந்தாலும் பழுக்கும், பாவிச்சாலும் பழுக்கும். ஐபோன் 14 வரைக்கும் 500 தரம் முழுசா ஏத்தி இறக்கினாலும் 80 வீதம் நிக்கிற மாதிரிச் செய்தது எண்டும், 15 இல இருந்து அது 1000 தரம் எண்டும் ஆப்பிளே சொல்லுது. ஒருநாளைக்கு ஒரு முழுச் சார்ஜ் எண்டு வைச்சா 500 எண்டிறது ஒண்டரை வருசம் கூட இல்லை.

பற்றரி கிழடானால் போன் மெதுவாகும், அது உங்கட பிரமை இல்லை. திடீரெண்டு நிண்டுபோகாமல் இருக்கிறதுக்காக வேகத்தைக் குறைக்கிறம் எண்டு 2017 டிசம்பரில ஆப்பிள் ஒத்துக்கொண்டது, உலகமே சண்டைக்குப் போய், பற்றரி மாத்திற கூலியை 79 டொலரில இருந்து 29 க்கு இறக்கினவங்கள். அதுக்கு முதல் எத்தினை பேர் போன் கிழடு எண்டு புதுசு வாங்கியிருப்பினம், யோசிச்சுப் பாருங்கோ.

மாத்திற எண்டால் நல்ல பற்றரி போடச் சொல்லுங்கோ. 2018 இல வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் இல இருந்து ஐபோனில வெளிப் பற்றரி போட்டால் தெரியாத பாகம் எண்டு ஒரு வரி காட்டும், அதைப் பாத்துப் பயப்பட வேண்டாம், ஆனா என்ன போட்டது எண்டு கடைக்காரனிட்டக் கேட்டு பில்லில எழுதி எடுங்கோ. பின்பக்கம் மூடி எழும்பி, ஸ்கிரீன் ஊதின மாதிரித் தெரிஞ்சால் சார்ஜ் போடவும் வேண்டாம், அமத்திப் பாக்கவும் வேண்டாம், கழட்டிக் குடுக்கிற ஆளிட்ட அண்டைக்கே கொண்டு போங்கோ.

கே: சார்ஜ் ஏறேல்லை, புதுசு எடுக்கத்தானே வேணும்?

ப: போன கிழமை கோண்டாவிலில இருந்து ஒரு ஐயா வந்தவர், தோட்டக்காரர், வெங்காயம் போடுறவர். மகன் வெளியில இருந்து காசு அனுப்பியிருக்கிறான் புதுசு எடுக்கச் சொல்லி, வயரைக் குத்தினால் நிக்காது, நழுவி விழுது, எது நல்லது எண்டு கேக்கிறார். போனை நிப்பாட்டிப்போட்டு லைட்டுக்குக் கீழ பிடிச்சன். ஓட்டைக்குள்ள செம்மண். பொக்கற்றில வைச்சு வைச்சு, மண்ணும் சாரத்துப் பஞ்சும் வியர்வையும் சேந்து இறுகி, செங்கல்லுத் துண்டு மாதிரி இருக்கு. மெல்லிய பல்லுக்குத்தி ஒண்டை எடுத்துக் கரையால மெல்ல மெல்லக் கிண்டினன், கம்பி ஊசி விடக்கூடாது, உள்ளுக்க பின் முறிஞ்சிடும். கட்டியா மூண்டு துண்டு வந்து மேசையில விழுந்தது. வயரைக் குத்தினன், டிக் எண்டு இருந்தது, பச்சை காட்டிச்சுது. ஐயா மண்ணைத் தொட்டுப் பாத்திட்டு "எங்கட தோட்டத்து மண்தான்" எண்டார். காசு வாங்க மனம் வரேல்லை, அடுத்த நாள் ஒரு பை வெங்காயம் வந்தது.

கே: தண்ணி தூசி தாங்கும் எண்டு ஐபி68 போட்டிருந்தா கசூரினா கடலில கொண்டு இறங்கலாமோ?

ப: வேண்டாம். அந்தச் சோதினை நல்ல தண்ணியில செய்யிறது, உப்புத் தண்ணி வேற சாதி. ஒருக்காத் திறந்து திருத்தின போனெண்டால் உள் ஒட்டுப் பழையபடி இராது. தண்ணி போனால் வாறண்டியும் தரமாட்டாங்கள்.

கே: மெல்லிசு போன் வந்திருக்கே, பாக்க வடிவா இருக்கு.

ப: வடிவுதான், இல்லை எண்டு சொல்லேல்லை. ஐபோன் எயார் 5.6 மில்லிமீற்றர், சாம்சங் எஸ்25 எட்ஜ் 5.8. கையில எடுத்தால் கடதாசி மட்டை மாதிரி இருக்கும். மெலிய மெலிய பற்றரிக்கு இடம் இல்லை, எயாரில பின்னுக்கு ஒரு கமராதான். வாங்கின கையோட எல்லாரும் என்ன செய்யினம்? விழுந்து உடைஞ்சிடும் எண்டு தடிச்ச கவர் ஒண்டு போடுகினம். பேந்து என்ன மெல்லிசு.

கே: மடிக்கிற போன்?

ப: 2019 இல முதல் கலக்சி ஃபோல்ட் வரேக்க, பாத்து எழுதக் குடுத்த ஆக்களின்ர கையிலேயே ஸ்கிரீன் பழுதாகி, ஏப்ரலில வரவேண்டியது செப்டம்பருக்குத் தள்ளிப் போனது. இப்ப எவ்வளவோ திருந்தியிருக்கு. எண்டாலும் மடிப்புக்கும் மண்ணுக்கும் ஒத்துவராது, மேல சொன்ன தோட்டக்கார ஐயாவை நினைச்சுக்கொள்ளுங்கோ.

கே: அப்டேட் போட்டன், எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி எழுத்தே தெரியேல்லை. புதுப் போனில தெளிவா இருக்குமோ?

ப: இராது, அதிலயும் இதே கண்ணாடிதான். 2025 இல வந்த ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 26 இன்ர லிக்விட் கிளாஸ் எண்ட தோற்றம் அது, ஐபோன் 11 இல இருந்து எல்லாத்துக்கும் வந்தது. என்ர அம்மாவும் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தவ, மூக்குக் கண்ணாடியை. செட்டிங்ஸில அணுகல் வசதி (Accessibility) பகுதிக்குள்ள போய் ஒளி ஊடுருவலைக் குறைக்கிறதை (Reduce Transparency) ஒன் பண்ணி, எழுத்தைத் தடிப்பாக்கி விடுங்கோ. 26.1 இல நிறத்தைக் கூட்டி ஊடால தெரியிறதைக் குறைக்கிற தெரிவும் குடுத்திருக்கிறாங்கள். 2013 இல ஐஓஎஸ் 7 வரேக்கயும் இதே ஒப்பாரிதான், ஆறு மாசத்தில எல்லாரும் மறந்திட்டினம்.

கே: அப்ப எப்பதான் மாத்திறது?

ப: பாதுகாப்பு அப்டேட் நிண்டு, பாங்க் அப் "இந்தப் போனில ஓடாது" எண்டு சொல்லேக்க. அதுதான் உண்மையான மணி. 2025 இல ஐபோன் 6 இல வாட்ஸப் நிண்டது, அந்தக் கிழமை என்ர விறாந்தையில வரிசை. அதால வாங்கேக்க வடிவத்தை விட எத்தினை வருசம் அப்டேட் எண்டு கேளுங்கோ, பிக்சல் 8 இல இருந்தும் எஸ்24 இல இருந்தும் 7 வருசம் எண்டு சொல்லியிருக்கினம், 2024 ஜனவரியில வந்த எஸ்24 க்கு 2031 மட்டும் போகும். விலை குறைஞ்ச மொடலுகளில இது ரெண்டு மூண்டு வருசத்தில முடியிறதும் இருக்கு.

மற்றது ஸ்கிரீன் உடைஞ்சு, மாத்திற காசு போனின்ர இப்பத்தைய பெறுமதியில பாதிக்கு மேல எண்டால் மாத்துங்கோ. இது என்ர கணக்கு, வேற கடைக்காரர் வேற கணக்குச் சொல்லுவினம்.

கே: கட்டுக்காசுக்கு எடுக்கலாமோ?

ப: 2024 ஜனவரியில இருந்து போனுக்கும் 18 வீத வற் வரி வந்திட்டுது, அதோட 2022 இல டொலர் எகிறினதில இருந்து விலை பழைய இடத்துக்குத் திரும்பேல்லை. ஒரு போன் 3 லட்சம் எண்டு வையுங்கோ. 3 வருசம் பாவிச்சால் மாசம் 8,333 ரூபா, 5 வருசம் பாவிச்சால் மாசம் 5,000. நடுவில ஒரு பற்றரி மாத்தினாலும் ரெண்டாவதுதான் லாபம். இதுக்கு மேல வட்டி வேற. நகை அடகு வைச்சுப் போன் எடுத்த ஒரு ஆளை எனக்குத் தெரியும், காப்பை மீக்க முதல் போனை வித்துப்போட்டார்.

கே: மகன் ஏ/எல் சோதினைக்கு ஐபோன் கேக்கிறான்.

ப: சோதினை முடியட்டும்.

கே: சரி, எல்லாருக்கும் புத்தி சொல்லுறீர், நீர் என்ன போன் வைச்சிருக்கிறீர்?

ப: ஐபோன் 11. 2019 இல வந்த மொடல், ரெண்டு தரம் பற்றரி மாத்தி, ஒருக்கா ஸ்கிரீன் மாத்தி, பின் கண்ணாடியில ஒரு வெடிப்பு, கவருக்குள்ள தெரியாது. திருத்தக் குடுக்கிற ஆக்கள் பாத்திட்டுச் சிரிப்பினம், அதுவும் ஒரு விளம்பரம்தான். மனிசிதான் செம்மஞ்சள் நிறத்தில ஒண்டு வேணும் எண்டு மூண்டு மாசமாக் கேக்கிறா. செம்மஞ்சள் கவர் ஒண்டு வாங்கிக் குடுத்தனான், ரெண்டு நாளாத் தேத்தண்ணி நானே போட்டுக் குடிக்கிறன்.